ஒரே வீட்டில் நடந்த சிப் ஏலம்

டிவியில் மாட்டி விளையாடுகிற புதிய கேம் பெட்டி எந்தத் தேதியில் கடைக்கு வரும் என்பதைக் கம்பெனித் தலைவர் மேடையில் அறிவித்தபோது, அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எதிர்க் கம்பெனிக்காரன் முந்தின நாள் தன் தேதியைச் சொல்லிவிட்டான். இவர் அதற்கு ஒரு வாரம் முந்திய தேதியைச் சொன்னார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெட்டிக்குள் வைக்க வேண்டிய சாமான் கைவசம் இருக்கிறதா என்று கைதட்டியவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளை விழாவுக்கு அழைக்கவும் இல்லை.

தொழிற்சாலையில் அந்தத் தலைவருக்கு ‘மேடை’ என்றுதான் பெயர். மைக் இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். லிஃப்டில் இரண்டு பேர் ஏறினாலே “நண்பர்களே” என்று ஆரம்பித்துவிடுவார். அழைக்கப்படாத ஆள் கொள்முதல் அதிகாரி. வாட்ச்மேன் முதல் கணக்குப் பிரிவு வரை எல்லோருக்கும் அவள் பர்சேஸ் அக்கா. திருகாணி வாங்குவதிலிருந்து சிப் வாங்குவது வரை அவள் பொறுப்பு. மேடை வாய்விட்டுச் சொன்ன தேதிக்குச் சாமான் கொண்டுவர வேண்டியதும் அவள்தான்.

இல்லாதது ஒரே ஒரு சாமான். பெட்டியின் மூளை என்று விளம்பரத்தில் மின்னல் வெட்டக் காட்டுவார்களே, அந்தப் பெரிய சிப் கிடங்கில் அடுக்கடுக்காக இருந்தது. இல்லாமல் போனது, மின்சாரத்தை அளந்து ஊட்டுகிற ஒரு பொடி சிப். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. ஒரு டீயைவிட மலிவு. அதற்கு யாரும் விளம்பரம் எடுப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அந்த மகா மூளை, வெறும் கறுப்பு வில்லை.

ஏன் இல்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. போன வருடம் மேடைக்குச் சிக்கன ஞானம் பிறந்தது. ‘தூங்கும் சரக்கு, தூங்கும் பணம்’ என்று சுவரெல்லாம் எழுதி மாட்டினார். ஆறு மாதத்துக்குள் தேவைப்படாத எந்தச் சாமானுக்கும் ஆர்டர் இருக்கக் கூடாது என்று உத்தரவு. பொடி சிப்புக்கான ஆர்டரும் அதில் அடிபட்டது. அக்கா அவர் அறைக்கு நடையாய் நடந்தாள்.

“சார், இது பழைய மெஷின்ல சுடற சிப். அந்த மெஷினே உலகத்துல கொஞ்சம்தான் இருக்கு, புதுசா யாரும் போட மாட்டேங்கறான். இன்னைக்கு ஆர்டர் குடுத்தா கைக்கு வர ஒரு வருஷம் ஆகும். வரிசையை விட்டு நகர்ந்தோம்னா திரும்பக் கடைசியிலதான் போய் நிக்கணும்.”

“நீங்க ரொம்பச் சின்னதா யோசிக்கறீங்கம்மா,” என்றார் மேடை.

சிப் சின்னதாக இருக்கும்போது வேறெப்படி யோசிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆர்டர் ரத்தானது. சிப் ஆலைக்காரன் அந்த இடத்தை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். மேடையின் கேம் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய சிப்புகள் இப்போது ஊர் உலகத்தின் அழுக்குத் துணியை அலசிக்கொண்டிருந்தன. மேடைக்கு அந்த வருடம் சிக்கனத்துக்காக ஒரு கேடயம் கிடைத்தது.

இப்போது அந்த சிப் மொத்தமாக இருந்தது ஒரே ஒரு தரகரிடம். இழுத்து மூடிய ஏதோ பொம்மைக் கம்பெனியின் சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். எல்லாப் பெண்களையும் “தாயே” என்றுதான் கூப்பிடுவார். தாயிடமிருந்து எவ்வளவு கறக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். பட்டியல் விலையைப் போல் இரண்டு மடங்கில் ஆரம்பித்தார். அதே சரக்கை இன்னொரு பார்ட்டியும் கேட்கிறது என்றார். மூன்றானது, ஐந்தானது, ஒன்பதானது. “நான் என்ன தாயே பண்றது? அந்தப் பார்ட்டி விடாக்கண்டனா இருக்காங்க.”

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தட்டுப்பாடு வந்துவிட்டால் நூறு வேண்டியவன் இருநூறு கேட்பான், கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று. விற்பவனுக்கும் அது தெரியும், அதனால் கால்வாசி கொடுப்பான். அது தெரிந்து இவன் நானூறு கேட்பான். கடைசியில் யாருக்குமே தேவைப்படாத சிப்புகளுக்காக உலகமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டை போடும். அக்காவும் இரட்டிப்பாகத்தான் கேட்டிருந்தாள். அந்த இன்னொரு பார்ட்டியும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

திட்டிய இடம் அவள் வீட்டு மொட்டை மாடி. புதுப் பெட்டி வேலையில் இருக்கிற எல்லோரிடமும் கம்பெனி ஒரு ரகசியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தது. கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அதனால் தரகர் கூப்பிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள்.

அந்த வீட்டில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இன்னொருத்தியும் இருந்தாள். அவள் ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்படியோடு இருந்தார்கள். தம்பி மனைவி, சர்க்யூட் போர்டு பூட்டித் தரும் ஒரு கம்பெனியில் வாங்கும் பிரிவில் சமீபத்தில்தான் சேர்ந்திருந்தாள். குழந்தை பிறந்து பல வருடம் வீட்டில் இருந்தவளுக்குக் கெஞ்சிக் கூத்தாடிக் கிடைத்த வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் ஓடுவது குளியலறைக்கு. உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். “தண்ணி வரி யாரு கட்டறது?” என்று அக்கா முணுமுணுப்பாள். “மாடியில நடந்து நடந்து தளம் ஒழுகப் போகுது” என்று இளையவள் பதிலுக்கு முணுமுணுப்பாள். கழுவாத பாத்திரத்தில் ஆரம்பித்த மனத்தாங்கல் அது. வாய்ச்சண்டையாகவும் வளரவில்லை, ஆறவும் இல்லை.

அன்று சாயங்காலம் அடைமழை. தரகர் கூப்பிட்டார். மாடிக்குப் போக வழியில்லாமல் அக்கா ஸ்டோர் ரூமுக்குள் புகுந்து, வெங்காயக் கூடைக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அடுத்தது குளியலறை. நடுச்சுவரின் உச்சியில் காற்றுக்காக ஒரு சதுர ஓட்டை.

“தாயே, அந்தப் பார்ட்டி பத்துக்கு வந்துட்டாங்க.”

“பத்தரை.”

“லைன்லயே இருங்க தாயே. இன்னொரு போன்ல கேட்டுட்டு வந்துடறேன்.”

குளியலறைக்குள் ஒரு போன் அடித்தது. குழாய் திறக்கும் சத்தம். அதற்கு மேல் இளையவளின் குரல்: “சொல்லுங்க… பத்தரையா? சரி, பதினொண்ணு.”

அக்காவின் காதில் தரகர் திரும்ப வந்தார். “பதினொண்ணு தாயே.”

அக்கா சுவர் ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். ஒருவேளை தற்செயலோ? அந்தத் தொழிலில் யாருமே வாயெடுத்துச் சொல்லாத ஒரு விலையைச் சொல்லிப் பார்த்தாள். “பதினொண்ணே முக்கால்.”

ஓட்டை வழியாகப் பதில் வந்தது. “பதினொண்ணே முக்காலா? யாருங்க அது, காய்கறிக் கடையில பேரம் பேசற பொம்பளையா?”

அக்கா போனை அணைத்தாள். வெளியே வந்து குளியலறைக் கதவைத் தட்டினாள். “காய்கறிக் கடைப் பொம்பளைதான் பேசறேன். குழாயை மூடிட்டுக் கதவைத் திற.”

கதவு ஒரு சாண் திறந்தது. இளையவளின் முகம் வெளுத்திருந்தது. “அக்கா, நான் எதுவும் சொல்லக் கூடாது. கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன்.”

“நானும்தான் போட்டிருக்கேன். நீ வாயைத் திறக்கவே வேணாம். நான் கேக்கறேன், நீ தலையை மட்டும் ஆட்டு. தலையை ஆட்டக் கூடாதுன்னு அதுல எழுதலை.”

இளையவள் தலையை ஆட்டினாள்.

“நீங்க பூட்டற போர்டு ஒரு கேம் பெட்டிக்கா?”

ஆட்டினாள்.

“எங்க தலைவர் சொன்ன தேதிக்கு முன்னாடி குடுக்கணுமா?”

ஆட்டினாள்.

“குடுக்கற இடம் எங்க ஃபாக்டரியா?”

“பின் கேட்டு,” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். முன் கேட்டில் அக்காவை நம்பி ஒரு உற்பத்தி. அது தெரியாமல் பின் கேட்டு வழியாக, வெளியே ஒரு கம்பெனியை வைத்து அதே போர்டுக்கு இன்னொரு உற்பத்தி. சிப் வாங்கும் செலவு எதுவானாலும் அதே கம்பெனிதான் தரும். ஒரே கம்பெனி தன் வலது கையை இடது கையோடு ஏலத்தில் மோதவிட்டுத் தன் பணத்தாலேயே தன் விலையைப் பதினோரு மடங்குக்கு ஏற்றியிருந்தது. அதுவும் ஒரே வீட்டுக்குள், ஒரு வெங்காயக் கூடையின் பக்கத்தில் நின்று.

“விடாக்கண்டன்னு உங்களைத்தான் சொன்னாரா?” என்றாள் இளையவள்.

“எங்கிட்ட உன்னைச் சொன்னார்.”

டயர் கடையை மூடிவிட்டு வந்த அக்காவின் கணவர் குளியலறை வாசலில் நின்று பார்த்தார். “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே இடத்துல உக்காந்திருக்கீங்க. யாராவது செத்துட்டாங்களா?”

“உலகச் சந்தையை நடத்திட்டிருக்கோம். போய்க் கைகால் கழுவுங்க.”

“எங்க போய்க் கழுவறது? சந்தை நடக்கறதே பாத்ரூம்லதானே?”

மறுநாள் காலை இளையவள் தரகரிடம், இந்த விலைக்குத் தங்களுக்குக் கட்டாது என்று சொல்லி விலகினாள். அரை மணி நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“தாயே, உங்களுக்காக ராப்பகலா பேசி எட்டுக்கு இறக்கிட்டேன்.”

“ரெண்டு.”

“தாயே, வயித்துல அடிக்காதீங்க!”

“அந்தப் பார்ட்டி என்ன ஆச்சு?”

“அவங்க கிடக்காங்க, நாணயமில்லாத ஜென்மங்க.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாணயமில்லாத ஜென்மம் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டது.

இரண்டரையில் முடிந்தது. சரக்கு மொத்தமும், இரண்டு உற்பத்திக்கும் போதும். இரட்டிப்பாகக் கேட்ட கணக்கைக் கழித்ததும் தட்டுப்பாடே மாயமாகிவிட்டது. மறுநாள் மதியம் வரை விலையைப் பிடித்துவைப்பதாகத் தரகர் சொன்னார்.

இனித் தலைவரிடம் சொல்லிப் பாதிச் சரக்கைப் பின் கேட்டுக்காரர்களுக்கு அனுப்ப ஒப்புதல் வாங்க வேண்டும். “தரகர் இறங்கி வந்துட்டார்னு மட்டும் சொல்லிடேன்” என்றார் கணவர். “பாதியை ஏன் அந்தக் கம்பெனிக்கு அனுப்பறேன்னு கேட்டா என்ன சொல்வேன், ஆசைக்குன்னா? கம்பெனிக்கு இவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கேன், திட்டவா போறாங்க?” என்றாள் அக்கா. அவளுக்குப் பொதுவாக உலகம் தெரியும். அன்றைக்குச் சந்தோஷத்தில் கொஞ்சம் மறந்திருந்தாள்.

மேடை முழுவதையும் கேட்டார். பக்கத்தில் மனிதவளம் உட்கார்ந்திருந்தார். பணியாளர் பிரிவின் தலைவி அவர். எந்தக் கத்தியையும் பஞ்சில் சுற்றி நீட்டுகிற குரல்.

“பின் கேட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” இதுதான் மேடையின் முதல் கேள்வி.

“அங்க வாங்கறது என் ஓரகத்திதான் சார். ஒரே சிப்புக்கு நம்மளே ரெண்டு பக்கமும் நின்னு…”

“அது ஆரோக்கியமான போட்டி. ரெண்டு அணி மோதினா வேகம் பிறக்கும். நான் பேசியிருக்கேன் இதைப் பத்தி.”

“வேகம் பிறக்கலை சார். விலைதான் பிறந்துச்சு.”

மேடைக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவது உற்பத்தி பற்றி இயக்குநர் குழுவுக்கே அவர் சொல்லவில்லை என்பதும், இந்தப் பதினோரு மடங்குக் கூத்து வெளியே வந்தால் யார் தலை உருளும் என்பதும் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மனிதவளம் தொண்டையைச் செருமினார்.

“நாமெல்லாம் ஒரு குடும்பம்தானேம்மா. உங்க மேல யாருக்கும் கோபமில்லை. உங்க ஓரகத்தி தானா வந்து அவங்க கம்பெனி ரகசியத்தை உங்ககிட்ட உளறினாங்க, விலை ஏறினதே அவங்களாலதான்னு ஒரு வாக்குமூலம். அவ்வளவுதான். நட்டத்தை அந்தக் கம்பெனி தலையில போட்டுடலாம். உங்க வேலைக்கு நான் பொறுப்பு.”

“அவ வேலைக்கு?”

“அது அவங்க குடும்ப விஷயம்.”

“எங்க குடும்பத்துல கையை வெச்சுட்டு அவங்க குடும்பம்ங்கறீங்க,” என்றாள் அக்கா. காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள். நாளைக் காலை வரை யோசிக்கலாம் என்றார்கள். போடாவிட்டால், ரகசியத்தை மீறிய குற்றத்துக்கு வேலை போகும். அதையும் பஞ்சில் சுற்றியே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அக்காவின் சம்பளத்தில்தான் அவள் மகனின் கல்லூரி ஓடியது, வீட்டில் பாதியும் ஓடியது. டயர் கடையில் காற்றுதான் அதிகம் விற்றது.

“எனக்குத் தெரியும், நீங்க போட்டுடுவீங்க,” என்றாள் இளையவள். “யார் பாத்திரம் சிங்க்ல கிடந்தாலும் என் பேரைத்தானே சொல்வீங்க.”

“பாத்திரத்துக்குச் சொன்னது நெசம். நீதான் போடறே.”

“நான் போடலை, அவர் போடறார்!”

“என்னை ஏன்டி இழுக்கறே?” என்றார் கொழுந்தன் உள்ளிருந்து.

“நிறுத்துங்க!” அக்கா மேஜையைத் தட்டினாள். “ஆர்டரை ரத்து பண்ணினது அவன். தேதியைச் சொன்னது அவன். திருட்டுத்தனமா ரெண்டாவது கடை விரிச்சது அவன். நாம இங்க உக்காந்து ஒரு டம்ளருக்காக அடிச்சுக்கறோம். இதைத்தான் அவன் விலைகொடுத்து வாங்கப் பாக்கறான், தெரியுதா?”

இளையவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, “போட்டுடுங்கக்கா. உங்க பையன் படிப்பு…” என்றாள். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை போட்டிருப்பாள்.

மறுநாள் காலை மேடையின் மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று வாக்குமூலம். மற்றது சிப் வாங்குவதற்கான ஆர்டர். கொள்முதல் அதிகாரி கையெழுத்து இல்லாத ஆர்டருக்கு வங்கி பணம் விடுவிக்காது. அதுவும் மேடை போட்ட சிக்கன விதிதான்.

“ரெண்டுலயும் போட்டுடுங்க,” என்றார்.

அக்கா பேனாவைத் திறந்தாள். எதிலும் போடவில்லை. “மதியம் தரகர் இன்னொருத்தருக்குக் குடுத்துடுவார் சார். முதல்ல இதைக் கிழிங்க, அப்புறம் அதுல போடறேன்.”

“மிரட்டறீங்களா?”

“நேத்து நீங்க பண்ணினதுக்கு என்ன பேரோ, அதேதான் சார்.”

மேடை எழுந்து ஜன்னல் வரை நடந்தார். அவள் போன் ஒலித்து ஓய்ந்தது. திரும்பவும் ஒலித்தது. திரையில் தரகர் பெயர். மேடை மைக் இல்லாமல் தவிப்பதை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். கடைசியில் அவர் சட்டென்று வாக்குமூலத்தைக் கையில் எடுத்து, முதல் தடவை பார்ப்பதுபோல் விரித்துப் படித்தார்.

“இப்படிக் கேவலமா ஒரு காகிதத்தை யார் தயார் பண்ணினது?” என்று மனிதவளத்தின் பக்கம் திரும்பினார். “நம்ம பண்பாடா இது? பெண் ஊழியர்களை இப்படியா நடத்தறது?” நாலாகக் கிழித்தார். எட்டாகவும் கிழித்தார். கிழிக்கும்போது அவர் முகத்தில் உண்மையான தார்மிக ஆவேசம் இருந்தது. தான் சொல்வதைத் தானே நம்புகிற வரம் சிலருக்குத்தான் வாய்க்கும்.

அக்கா ஆர்டரில் கையெழுத்துப் போட்டாள். தரகருக்குப் பணம் போனது. சரக்கு கிளம்பியது. இளையவளுக்கு போன் செய்து, “உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலை, சமையலைப் பாரு” என்றாள். மறுமுனையில் விசும்பலும் சிரிப்பும் கலந்து கேட்டது.

சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் மனிதவளம் நின்றிருந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே ஒரு செடி, ஒரு குடும்பப் படம், ஒரு ஜோடி செருப்பு. அக்கா நின்றாள்.

“பெண் ஊழியரை மிரட்டினதுக்காக என்னை அனுப்பிட்டாங்க,” என்றார் மனிதவளம். குரலில் பஞ்சு இல்லை. “அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியா அவர்தான் சொன்னார். நான் டைப் பண்ணினேன்.”

“அதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“யார்கிட்ட? உங்ககிட்ட ஆர்டர் இருந்துச்சு. எங்கிட்ட இந்தச் செடிதான் இருக்கு.” பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “உங்க ஓரகத்திக்காக நீங்க கையெழுத்து போடாம உக்காந்தீங்க. எனக்காக யாருங்க உக்காருவா?”

பதிலுக்குக் காத்திராமல் சாலையைக் கடந்து போனார்.

இந்த அம்மாளுக்காகக் கொதிப்பது அக்காவுக்கே அநியாயமாகப் பட்டது. நேற்று இவள்தானே பஞ்சுக்குள் கத்தியை வைத்து நீட்டினாள்? ஆனால் கொதித்தது. யார் தலையையாவது வெட்டி வைத்தால்தான் ஒருவனால் நிம்மதியாக நடக்க முடிகிறது. அந்தத் தலை என்னுடையதாக இல்லாமல் போனதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா? அவள் கையில் இப்போது எந்தக் காகிதமும் இல்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, சிப் வந்துகொண்டிருக்கிறது. இனி அவளை வைத்துக்கொள்வதற்கும் யாருக்கும் காரணம் இல்லை.

திரும்பி ஆபீஸ் மாடி ஏறினாள்.

பெரிய ஹாலில் அறிமுக விழா ஒத்திகை. விளக்குகள் எரிந்தன. மேடை, மேடைமேல் நின்று ஒரு பட்டுத் துணியை உருவிக் கேம் பெட்டியைத் தூக்கிக் காட்டப் பழகிக்கொண்டிருந்தார். விளம்பரக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“உலகமே சிப் கிடைக்காமல் திணறியபோது,” என்று அவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், “நாங்கள் மட்டும் தொலைநோக்கோடு…”

“போன வருஷம் அந்த ஆர்டரை ரத்து பண்ணினது நீங்கதான் சார்,” என்றாள் அக்கா, கதவருகே நின்று. கத்தவில்லை. ஹாலில் எதிரொலி நன்றாக இருந்தது.

நாற்காலி அடுக்கியவர்கள் நின்றார்கள். மேடை மைக்கைக் கையால் மூடினார். “நாம இதை அப்புறம் பேசலாமே.”

“அந்தக் காகிதத்தைச் சொல்லி எழுதவெச்சதும் நீங்கதான். அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க.”

“அப்புறம் பேசலாம்னு சொன்னேன்.”

“இல்ல சார். இப்பவே பேசலாம்.”

முதல் வரிசையில் ‘சிறப்பு விருந்தினர்’ என்று அட்டை மாட்டிய நாற்காலி ஒன்று இருந்தது. அக்கா அட்டையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.